ஐந்து கையெழுத்தும் ஒரு கைநாட்டும்

2016 மே மாதம். தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவின் முனையில் ஒரு கருப்பு சின்டெக்ஸ் டேங்க் இருந்தது. லாரி வந்து அதை நிரப்பும்வரை குடங்கள் வரிசையில் நிற்கும்; பெண்கள் நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். வாக்குப்பதிவுக்கு நாலைந்து நாள் இருந்தது. "அந்தம்மா வருமா, வராதா" என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எங்கள் தொகுதியில் அது கேள்வியே இல்லை. "மறுபடியும் வந்தா இன்னா பண்ணும்?" என்பதுதான் பேச்சு. சுயஉதவிக் குழு நடத்திவந்த எதிர்வீட்டு அக்கா ஒரு கணக்குச் சொன்னார்: "மொத தபா குடுத்தது ஓட்டுக்கு. ரெண்டாந்தபா இன்னா குடுக்குதுன்னு பாரு, அதான் நமக்கு."

அந்தக் கணக்கை நான் பிறகு பல இடங்களில் பெரிய வார்த்தைகளில் படித்திருக்கிறேன். ஆனால் அக்கா சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது: மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் வடசென்னைப் பெண்கள் எதை எதிர்பார்த்தார்கள், எது வந்தது, எது வழியில் நின்றுபோனது.

தொடர்ந்து இரண்டாம் முறை ஆட்சி என்பது தமிழ்நாட்டில் அபூர்வம். 1984 இறுதியில் எம்.ஜி.ஆர். நியூயார்க் மருத்துவமனையில் படுத்தபடியே ஜெயித்தார். அதற்குப் பிறகு 1989 தொடங்கி ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி மாறியது. ஆண்ட கட்சியை அடுத்த முறை இறக்கிவிடுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அதில் நமக்கு ஒரு லாபமும் இருந்தது: கொடுத்ததை நிறுத்தினால் இறக்கிவிடுவார்கள் என்ற பயம் இரண்டு பக்கமும் இருந்தது. 2016 மே 19 அன்று அந்தப் பழக்கம் உடைந்தது. தேர்தல் நடந்த 232 இடங்களில் அ.தி.மு.க. 134 இடங்களில் வென்றது.

எங்கள் ஆர்.கே.நகருக்கு இது ஒரே வருடத்தில் இரண்டாவது முறை. சொத்துக்குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பரில் தண்டனை பெற்றுப் பதவியிழந்த ஜெயலலிதா, 2015 மே மாதம் கர்நாடக உயர்நீதிமன்றம் விடுவித்த பின் மீண்டும் முதல்வரானார். நிற்க ஒரு தொகுதி வேண்டியிருந்தது. எங்கள் எம்.எல்.ஏ. ராஜினாமா செய்தார். ஜூன் 27 இடைத்தேர்தலில் பெரிய எதிர்க்கட்சிகள் விலகி நிற்க, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சி.மகேந்திரனை அவர் 1,50,722 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். பதினோரு மாதம் கழித்து 2016 பொதுத்தேர்தலில் அந்த வித்தியாசம் 39,545. நடுவில் 2015 டிசம்பர் வெள்ளம் இருந்தது. நிவாரணப் பொட்டலத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் பற்றிய கோபமும் இருந்தது. தண்ணீர் வடிந்த வீட்டில் ஈரப் பாயை வெயிலில் போட்டுக்கொண்டே எங்கள் தெருப் பெண்கள் யோசித்திருக்கிறார்கள் என்று அந்த இரண்டு எண்களைப் பார்த்து நான் புரிந்துகொள்கிறேன்.

அந்தத் தேர்தலில் எங்கள் வாக்குச்சீட்டே ஒரு வரலாறு. தி.மு.க. சார்பில் வழக்கறிஞர் சிம்லா முத்துசோழன் நின்றார். இதே தொகுதியில் முன்பு வென்று அமைச்சராகவும் இருந்த சற்குண பாண்டியனின் மருமகள். விடுதலைச் சிறுத்தைகள் நிறுத்தியது வசந்திதேவியை: துணைவேந்தராகவும் மாநில மகளிர் ஆணையத் தலைவராகவும் இருந்தவர். நாம் தமிழர் கட்சிக்காகத் திருநங்கை தேவி. முதல்வரை எதிர்த்து ஒரு வழக்கறிஞர், ஒரு கல்வியாளர், ஒரு திருநங்கை. டேங்க் நிழலில் இந்தப் பெயர்கள் எல்லாமே பேசப்பட்டன. வசந்திதேவி பேசியதைக் கேட்டுவந்த ஒரு பெண் "டீச்சர் மாதிரி சொல்லுது, நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஓட்டு யாருக்கு என்று கேட்டதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பெண்ணியக் கூட்டங்களில் நாம் அவசரமாக 'அறியாமை' என்று எழுதிவிடுகிறோம். 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்தில் அவருக்கு நடந்ததை, கலைந்த சேலையோடு வெளியே வந்ததை, அந்தப் பெண்ணின் தாய் அவளுக்குச் சொல்லியிருந்தாள். குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடிபட்ட ஒருத்திக்கு அந்தக் கதை அரசியல் செய்தியாகப் போய்ச் சேரவில்லை. தன் வீட்டுக் கதையின் வேறொரு முடிவாகப் போய்ச் சேர்ந்தது.

உலகத்தில் இரண்டாம் பதவிக்காலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் அமெரிக்காவை வைத்தே நடக்கிறது. அங்கே 1951 முதல் ஒருவர் இருமுறைக்கு மேல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. ஆகவே இரண்டாம் முறை வந்தவருக்கு இனி ஓட்டுக் கவலை இல்லை. நம்புகிறவர்கள், இனி மனசாட்சிப்படி செய்வார் என்கிறார்கள். அஞ்சுகிறவர்கள், இனி இஷ்டப்படி செய்வார் என்கிறார்கள். பக்கத்து இலங்கையில் சந்திரிகா குமாரதுங்க, நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று 1994இல் சொல்லி வந்தவர். 1999 டிசம்பரில், குண்டுவெடிப்பில் ஒரு கண்ணின் பார்வையை இழந்த மூன்றாம் நாள், மறுபடியும் ஜெயித்தார். 2005இல் அவர் இறங்கியபோதும் அந்த முறை அப்படியே இருந்தது. பிரேசிலில் இரண்டாம் முறை வென்ற தில்மா ரூசெப்பை, எங்கள் வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு, 2016 மே 12 அன்று செனட் இடைநிறுத்தியது. அவர் இடத்துக்கு வந்தவர் அமைத்த முதல் அமைச்சரவையில் ஒரு பெண்கூட இல்லை. ஒரு பெண் மட்டும் உச்சியில் இருந்து, அவளுக்குக் கீழே பெண்களுக்குப் படிக்கட்டு போடப்படாமல் இருந்தால், அவள் நகர்ந்த அன்றே அந்த அறை எப்படி மாறும் என்பதற்கு இதைவிட வேகமான உதாரணம் எனக்குத் தெரியாது. வேகமான உதாரணம் என்று சொன்னேன். எங்களுடையது மெதுவானது.

மே 23 அன்று பதவியேற்றதும் ஐந்து கோப்புகளில் கையெழுத்திட்டார். சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம். கைத்தறி, விசைத்தறி நெசவாளர்களுக்கு மின்சாரச் சலுகை. தாலிக்குத் தங்கம் நான்கு கிராமிலிருந்து எட்டு கிராம். டாஸ்மாக் கடைகளில் 500 மூடல், மீதிக் கடைகள் காலை 10 மணிக்குப் பதில் பகல் 12 மணிக்குத் திறப்பு. முதலாவதும் மூன்றாவதும் எங்களுக்குச் சம்பந்தமில்லாதவை. துறைமுகத்தையும் மீன்பிடியையும் கம்பெனிகளையும் நம்பிய பகுதி இது. வயலும் இல்லை, தறியும் இல்லை. மற்ற மூன்றும் வீட்டுக்குள் வந்தன. வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

டாஸ்மாக் நேரத்தை நகரத்தின் மற்ற பகுதிகளில் கேலி செய்தார்கள், ரெண்டு மணி நேரத்தில் என்ன மாறிவிடும் என்று. காசிமேட்டைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். படகு விடியுமுன் கரை சேர்கிறது. ஏலம் முடிந்து காலையிலேயே கையில் காசு வந்துவிடுகிறது. துறைமுகத்தில் இரவு ஷிப்ட் பார்த்தவனும் காலையில்தான் வெளியே வருகிறான். பத்து மணிக்குக் கடை திறந்தால் அந்தக் காசு நேராக அங்கே போகும். பன்னிரண்டு மணி என்றால், நடுவே ஒரு பசி இருக்கிறது, தூக்கம் இருக்கிறது, வாசலில் நிற்கும் மனைவி இருக்கிறாள். அந்த இரண்டு மணி நேரத்தில் சட்டைப் பையிலிருந்து எடுத்த பணத்தில் பள்ளிக்கூட ஷூ வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். 6,720 கடைகளில் 500 குறைந்ததைவிட அந்த நேர மாற்றம்தான் எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அதே சமயம் இதையும் சேர்த்தே எழுத வேண்டும். 2003இல் மதுவின் சில்லறை விற்பனையை அரசின் கைக்குள் கொண்டுவந்தது அதே அம்மாவின் முந்தைய ஆட்சி. 2015 அக்டோபரில், டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாட்டுப் பாடிய கோவன் தேசத்துரோகப் பிரிவில் கைதானதும் அவர் ஆட்சியில்தான். படிப்படியாக மதுவிலக்கு என்பது 2016 தேர்தல் வாக்குறுதி. முதல் படி ஒரு கையெழுத்தில் வந்தது. அடுத்த படி எப்போது என்று யாரிடம் கேட்பது என்பது அந்தக் கையெழுத்தில் இல்லை.

100 யூனிட் விஷயம் இன்னும் சிக்கல். சொந்த மீட்டர் இருந்தால் இலவசம். எங்கள் பகுதியில் ஒரே வளாகத்தில் ஐந்தாறு குடித்தனம். வீட்டுக்காரர் ஒரு சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார். இலவசம் அவர் பில்லில் கழிந்தது, எங்கள் வசூலில் கழியவில்லை. நான் கேட்டதற்கு "பிடிக்கலைன்னா வேற வீடு பாருங்க" என்ற பதில் கிடைத்தது. வாடகைக்கு இருக்கும் பெண்ணுக்கு, தனியாக இருக்கும் பெண்ணுக்கு, அதற்குமேல் கேட்கும் தெம்பு எங்கே இருக்கிறது.

தாலித் தங்கம் பற்றி நம் தோழிகளிடையே எப்போதும் சண்டை. திட்டத்தின் பெயர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாருடையது. தேவதாசி முறையிலிருந்து வெளியேறி, அந்த முறையையே ஒழிக்கப் போராடிய சுயமரியாதைக்காரர். அவர் பெயரில் தாலிக்குத் தங்கம் என்றால் அவர் சிரித்திருப்பாரா, திட்டியிருப்பாரா? 1989இல் தி.மு.க. ஆட்சி திருமண உதவியாகத் தொடங்கியது. தங்கத்தைச் சேர்த்தது 2011இல் ஜெயலலிதா. நானும் அதைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறேன். ஆனால் பத்தாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டி, "இன்னும் ஒரு வருஷம் போவட்டும், தங்கம் வரும்" என்று புருஷனை வாயடைத்து மகளைப் பள்ளியில் வைத்திருந்த தாய்மார்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். தாலிக்காக வந்த தங்கத்தைப் படிப்புக்கு அவர்களே திருப்பிக்கொண்டார்கள். 2022இல் தான் அரசு அந்தத் திட்டத்தை, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாற்றியது.

அம்மா உணவகத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது முதல் ஆட்சியின் வரவு, 2013 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு ரூபாய் இட்லியைப் பற்றி உலகமே எழுதியது. அந்த இட்லியை அதிகாலையில் எழுந்து ஊற்றிய சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு நாளுக்கு 300 ரூபாய். இரண்டாம் ஆட்சியில் கூடும் என்று காத்திருந்தார்கள். அது 325 ஆனது 2024இல்.

இப்போது என் எதிர்வீட்டு அக்காவிடம் திரும்புகிறேன். அவர் எதிர்பார்த்தது இட்லியோ தங்கமோ இல்லை. 2016 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன்பே, சட்டமன்றம் உள்ளாட்சிகளில் பெண்களுக்கான இடத்தை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. அதைச் செய்தித்தாளில் படித்துக் காட்டியது நான்தான். "நம்ம வார்டுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அம்மா கொடுத்தவற்றிலேயே வாங்கிக்கொள்பவளைக் கேட்பவளாக மாற்றக்கூடியது இது ஒன்றுதான் என்று எனக்கு அன்றே தோன்றியது. ஸ்டிக்கர் ஒட்ட முடியாத பொருள்.

எண்ணூர், திருவொற்றியூர் பெண்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். 2011வரை கத்திவாக்கமும் திருவொற்றியூரும் தனி நகராட்சிகள். ஒரு தலைவர், ஒரு அலுவலகம், போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. அந்த வருடம் இரண்டும் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. அதற்குப் பின் வார்டு கவுன்சிலர் ஒருவர்தான் அவர்களுக்கு எஞ்சிய வாசல்.

செப்டம்பர் 22 அன்று முதல்வர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 26ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது. அக்டோபர் 17, 19இல் வாக்குப்பதிவு. அக்கா சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்தார். குழுப் பெண்கள் ஆளுக்கு 50, 100 என்று போட்டு நோட்டீஸ் அடித்தார்கள். கல்யாணப் புடவையில் எடுத்த போட்டோவை அதில் போட்டிருந்தார். வேறு நல்ல போட்டோ இல்லை. அக்டோபர் 4 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிப்புகளை ரத்து செய்தது. இடஒதுக்கீடு அறிவிப்பில் விதிகள் பின்பற்றப்படவில்லை என்பது வழக்கு. வழக்குப் போட்டவர்களுக்கு நியாயம் இருந்தது. கொஞ்ச நாளில் திரும்ப அறிவிப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அக்டோபர் 24 அன்று பழைய கவுன்சிலர்களின் காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பேற்றார்.

அதே மாதக் கடைசியில் இன்னொரு காகிதம் செய்தியானது. நவம்பரில் நடக்கவிருந்த மூன்று தொகுதித் தேர்தலுக்கான கட்சி வேட்பாளர் படிவங்களில் ஜெயலலிதாவின் இடதுகைப் பெருவிரல் ரேகை இருந்தது. ஐந்து மாதம் முன்பு ஐந்து கோப்பில் கையெழுத்திட்டவர். எங்கள் குழுவில் கைநாட்டு வைப்பவர்கள் நாலைந்து பேர் உண்டு. வங்கிக் கடனுக்குப் போகும்போது வெட்கத்தோடு விரலைத் தேய்த்துத் துடைப்பார்கள். அவர்களில் ஒருவர் அந்தச் செய்தியைக் கேட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அந்த ரேகையை வைத்து ஒரு வழக்கே நடந்து, 2019இல் திருப்பரங்குன்றம் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது. ஆனால் அன்றைக்கு எங்களுக்குப் புரிந்தது ஒன்றுதான்: இரண்டாம் ஆட்சி முழுவதும் அந்த ஒரு கையில்தான் இருந்தது.

டிசம்பர் 5 அன்று இறந்தார். ஒரு வாரத்தில் வர்தா புயல். 2017 ஜனவரி 28 விடியலில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. பெரிய கசிவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். எர்ணாவூர்க் கரையில் பாறைகளுக்கு நடுவே கருப்புக் கூழ் ஒதுங்க, மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளினார்கள். மீன் வாங்க ஆள் வரவில்லை. கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்கள் "இது எண்ணெ மீனு இல்லம்மா" என்று வீடுவீடாகச் சத்தியம் செய்தார்கள்.

அந்த வாரங்களில் யாரிடம் போய்க் கேட்பது? முதல்வர் பிப்ரவரி 5 அன்று ராஜினாமா செய்தார். எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதியில். சசிகலா 14ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சிறைக்கு. 16ஆம் தேதி இன்னொரு முதல்வர். ஆர்.கே.நகருக்கு எம்.எல்.ஏ. இல்லை. ஏப்ரல் 12இல் நடக்க வேண்டிய இடைத்தேர்தலைப் பணப்பட்டுவாடாவைக் காரணம் காட்டி ஆணையம் ரத்து செய்தது. அதற்கு முந்தைய நாள், சாமளாபுரத்தில் மதுக்கடையை எதிர்த்து நின்ற ஒரு பெண்ணைப் போலீஸ் உயரதிகாரி கன்னத்தில் அறைந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். படிப்படியாக மதுவிலக்கு என்ற வாக்குறுதி அந்த அறையில் எந்தப் படியில் இருந்ததோ.

கடைசியில் டிசம்பர் 21 அன்று தேர்தல் நடந்தது. டி.டி.வி.தினகரன் சுயேச்சையாக, குக்கர் சின்னத்தில், 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அம்மாவின் கடைசி வித்தியாசத்தைவிட அதிகம். எங்கள் வாக்கை விலை பேசியதாக நாடே எங்களைப் பார்த்துச் சிரித்தது. ஒரு வருடத்துக்கு மேல் எம்.எல்.ஏ.வும் இல்லாமல், கவுன்சிலரும் இல்லாமல் இருந்த தொகுதி அது என்று சிரித்தவர்கள் யாரும் எழுதவில்லை.

கவுன்சிலர் இல்லாத காலம் அதற்குப் பிறகும் நீண்டது. 2019 இறுதியில் ஊரகப் பகுதிகளுக்குத் தேர்தல் நடந்தது, நகரங்களுக்கு இல்லை. 2020 ஊரடங்கில் தெருவை அடைத்துத் தகரம் வைத்தபோது, பால் வாங்கக்கூட வழி விடச் சொல்லிக் கேட்க எங்களுக்கு ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லை. இரண்டாம் ஆட்சி 2021 மே மாதம் முடிந்தபோதும் சென்னைக்கு மாமன்றம் இல்லை. பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் சென்னையில் நடைமுறைக்கு வந்தது 2022 பிப்ரவரி 19 அன்று, அதை நிறைவேற்றியவர் இறந்து ஐந்து வருடம் கழித்து, வேறொரு கட்சியின் ஆட்சியில். மார்ச் 4 அன்று வடசென்னையின் திரு.வி.க. நகரிலிருந்து வந்த பிரியா, 28 வயதில், மேயரானார்; தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்குப் பிறகு மூன்றாவது பெண், முதல் தலித் பெண்.

அந்தத் தேர்தலில் நிற்கச் சொல்லி அக்காவிடம் போனேன். மூட்டுவலி, மாடிப்படி ஏறி ஓட்டுக் கேட்க முடியாது என்றார். மகளை நிற்கச் சொல்லலாமே என்றேன். மகள் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போகிறாள், காலை 5 மணிக்கு வேன் வரும். 2016 நோட்டீஸ் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்தார். புளி டப்பாவைத் தூக்கிக் காட்டினார். போட்டோவில் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது; பேருக்குக் கீழே 'உங்கள் வீட்டுப் பெண்' என்று இருந்தது. "அப்போ நான் ஒல்லியா இருந்தேன் இல்ல?" என்று கேட்டுவிட்டு டப்பாவை அதே இடத்தில் வைத்தார்.